முன்னால் இருக்கும் மூன்று இலக்கம்

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுப் போன் அடித்தால் நான் எடுக்கக்கூடாது. இது அக்காவின் சட்டம். போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நான் சும்மா இருந்தாலும், குசினியில் வேலையாக நிற்கும் அக்கா வரும்வரை அதை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்கா வருவார். ஈரக் கையைச் சட்டையில் துடைப்பார். ரிசீவரைத் தூக்கிக் காதில் வைப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். மற்றப் பக்கத்தில் இருப்பவரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

அப்படியே நிற்பார்கள், இவர் இங்கேயும் அவர் எங்கேயோவும். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் போகும். பிறகு அந்தப் பக்கம் வைத்துவிடும். அக்கா ரிசீவரை நித்திரைக் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொல்லுவார்:

"சுகமா இருக்கிறான்."

அவன் என்றால் சுதன், அக்காவின் ஒரே மகன். சண்டையின் கடைசி நாட்களில் பாலத்தைத் தாண்டி ஆமியின் பக்கம் வந்த சனத்துக்குள் அவனும் வந்தான். ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் அவனை ஏற்றியதை அக்கா தன் கண்ணால் கண்டார். அந்த பஸ் எங்கே போனது என்று கேட்டுக் கேட்டு அக்காவின் தலை நரைத்துவிட்டது. எனக்கும்தான்.

இந்தத் தொடரில் என் போட்டோ கொப்பிக் கடையைப் பற்றியும் என் வாயைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டேன். அக்காவைப் பற்றி எழுதவில்லை என்று வாசிப்பவர்கள் சிலர் குறைப்பட்டார்கள். எழுதாததற்குக் காரணம் பயம். இந்த வெள்ளிக்கிழமைக் கதையை எப்படி எழுதினாலும் என் காதுக்குள் அந்த மூச்சுச் சத்தம் வந்துவிடும்.

ஹலோ சொல்லாத ஊர்

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் போனை எடுத்தவர் முதலில் வாயைத் திறக்கமாட்டார்.

இது மரியாதைக் குறைவு அல்ல, பழக்கம். ஒரு காலத்தில் வீட்டுக்குப் போன் எடுத்து, "வீட்டில ஆர் ஆர் இருக்கிறீங்கள்? ஆம்பிளைப் பிள்ளையள் எத்தினை பேர்?" என்று பெயர் சொல்லாமல் கேட்பவர்கள் இருந்தார்கள். அப்போதிருந்து சனம் படித்துக்கொண்டது. தூக்கு, காதில் வை, பொறு. கூப்பிட்டவன் முதலில் கதைக்கட்டும். குரல் தெரிந்த குரல் என்றால் "ஓம், சொல்லுங்கோ" என்போம். இல்லையென்றால் சத்தம் போடாமல் வைத்துவிடுவோம்.

என் கடைக்குக் கொழும்பிலிருந்து பேப்பர் அனுப்புகிற முதலாளி வருடக்கணக்காக என்னிடம் கத்துகிறார். கிளிநொச்சிக்கு எடுத்தால் கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி இருக்கிறதாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு வந்த நல்ல சம்பந்தம் இதனாலேயே குழம்பியது. மாப்பிள்ளையின் தாய் வெளிநாட்டிலிருந்து எடுத்து, "ஹலோ" வரட்டும் என்று காத்திருந்தார். பிள்ளையின் தகப்பன் அவர் கதைக்கட்டும் என்று காத்திருந்தார். இரண்டு பேருமே கௌரவக்காரர்கள். கடைசியில் அந்த அம்மா, பெண் வீட்டில் எல்லோரும் ஊமை என்று சொல்லிவிட்டாராம்.

சிரிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த மௌனத்துக்கு வேறு அர்த்தம் இருந்தது.

வீட்டுக்குப் போன் லைன் எடுத்தது ஊரில் மீள்குடியேறிச் சில வருடங்களுக்குப் பிறகு. லைன் வந்ததும் முதல் வேலையாக அக்கா அந்த நம்பரை ஊர் முழுக்கக் கொடுத்தார். அரசாங்கக் கச்சேரியில், விசாரணை நடத்த வந்தவர்களிடம், வவுனியாவில் பேர் பதிகிற ஒரு கந்தோரில், ஜெயிலில் இருப்பவர்களைப் பார்த்து வருகிற சாமியாரிடம், தெருவோரக் கொட்டிலில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு இருக்கிற தாய்மாரிடம். சுதனின் படத்துக்குக் கீழே அந்த நம்பரைப் பெரிதாக அடித்து லமினேற் பண்ணிக் கொடுத்தது நான்தான். எங்காவது ஒரு மூலையில் அவன் இருந்தால், யாராவது அந்த நம்பரை அவனுக்குச் சொல்லமாட்டார்களா என்பது அக்காவின் கணக்கு.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது. அக்கா தூக்கி, பழக்கப்படி பொறுத்தார். மற்றப் பக்கமும் பொறுத்தது.

"ஏன் நீ ஒண்டும் கேக்கேல்லை?" என்று அன்றைக்கே நான் ஏசினேன்.

"அவன் கதைக்கேலாத இடத்தில நிக்கிறான். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில நிக்கிறவனுக்குக் கேக்கும். பிறகு போன் குடுக்கமாட்டாங்கள்."

"அது அவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"உனக்குப் பிள்ளை இல்லை" என்றார் அக்கா.

மயிலும் மழையும்

மௌனம் என்று சொன்னாலும் அந்த லைனுக்குள் சத்தங்கள் இருந்தன. ஒரு நாள் தகரக் கூரையில் மழை. இங்கே எங்கள் முற்றம் வெயிலில் வெடித்துக் கிடந்த காலம் அது. இன்னொரு நாள் மயில் கத்தியது. குழாய்க்கிணறு அடிக்கிற சத்தமும் வந்தது.

"தகரக் கொட்டில். காட்டுக் கரை" என்று அக்கா கண்டுபிடித்தார்.

"இலங்கையில மயில் கத்தாத இடம் எது?" என்றேன்.

அக்கா என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. தன் பக்கச் சத்தத்தை அவனுக்கு அனுப்பத் தொடங்கினார். ரிசீவரை மேசையில் மலர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் திருவலகையைப் போட்டுத் தேங்காய் திருவுவார். வீட்டுச் சத்தம் கேட்டால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்குமாம். கருக்கலில் ஒரு மனுஷி ஒருவரோடும் கதைக்காமல், மேசையில் கிடக்கிற போனுக்குத் தேங்காய் திருவிக் காட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் எழும்பிப் போய் முற்றத்து லைற்றைப் போடுவேன்.

போனில் நம்பர் காட்டுகிற சின்னத் திரை ஒன்று இருந்தது. எறும்பு புகுந்து அது எப்போதோ கறுத்துவிட்டது. புதுப் போன் வாங்குவோம், எங்கிருந்து எடுக்கிறான் என்று பார்ப்போம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். நம்பரைக் கண்டால் நான் தேடிப் போவேனாம். தேடிப் போனால் ஆபத்து அவனுக்குத்தானாம்.

ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறினேன். அக்கா கிணற்றடியில் நின்ற நேரம் அது. போனைத் தூக்கினேன். மூச்சுச் சத்தம் கேட்டது, சீராக, பக்கத்தில் படுத்திருப்பவருடைய மூச்சைப் போல. நானும் மூச்சு விட்டேன். உடனே அந்த மூச்சு நின்றுவிட்டது. தூக்கியது அக்கா இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வெள்ளிக்கிழமைச் சட்டத்தை நானாகவே கடைப்பிடித்தேன்.

ஸ்டிக்கர் காலம்

எங்கள் பகுதிப் போன்களுக்கு முன்னால் போடுகிற கோட் நம்பர் மாறப்போகிறது என்று முதலில் சொன்னது முபாரக் நானா. சந்தைக்குக் கிட்ட ஹார்ட்வெயார் வைத்திருப்பவர். முல்லைத்தீவில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, கிளிநொச்சியில் கடை போட்டவர்.

"பிள்ளை, முன்னுக்கு இருக்கிற மூண்டு இலக்கக் கோட் மாறுதாம். சைபர் மட்டும் அப்பிடியே இருக்குமாம். எனக்கு ஆயிரம் ஸ்டிக்கர் அடிச்சுத் தாங்கோ."

"என்ன நானா, ஆயிரம்?"

"கலண்டர், தொப்பி, ட்ரக்டர் படங்கு, வாளி, எல்லாத்திலயும் நம்பர் அடிச்சுக் குடுத்திருக்கிறன். நான் ஊர் மாறேக்க கூட இவ்வளவு வேலை இருக்கேல்லை."

அந்த மாதம் என் கடைக்கு நல்ல காலம். மூன்று இலக்கம் மட்டும் உள்ள வெள்ளை ஸ்டிக்கர், பழைய கோட்டுக்கு மேலே ஒட்டுவதற்கு. அரிசி ஆலைக்காரர் வந்தார், திருமண மண்டபக்காரர் வந்தார், கோயில் தர்மகர்த்தா இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஓடர் கொடுத்தார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர் என் மேல் கோபித்துக்கொண்டார், அவருடைய பிழைப்பை நான் ஒரு துண்டுப் பேப்பரால் கெடுத்துவிட்டேன் என்று. ஏ-ஒன்பது வீதியில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் அதே வெள்ளைத் துண்டு. கடைசியில் கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது.

ஒரு காலை கடை திறக்கப் போகும் வழியில் ஒரு விசயத்தைக் கவனித்தேன். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிற ஒரு தையல் கடை. உரிமையாளர் குடும்பமே இல்லை. அதன் துருப்பிடித்த பலகையிலும் என் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சற்றுத் தள்ளி, கூரை விழுந்த ஒரு சைக்கிள் கடையிலும். அங்காலே மரம் முளைத்த ஒரு ஸ்ரூடியோவிலும்.

அன்று வீட்டில் கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், நான்தான்" என்றார்.

"அங்க போனும் இல்லை, ஆக்களும் இல்லை."

"இருக்கட்டும். அவையளுக்கும் எங்கயாவது இருந்து ஆரும் எடுக்கப் பாப்பினம்தானே."

ஸ்டிக்கர் காசை யார் தருவது என்று பகிடியாகக் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். முகத்தைக் கழுவிய தண்ணீரோடு கண்ணீரும் வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெளியில் இருப்பவனுக்கு

கோட் மாறுவது ஊருக்குள் இருப்பவனுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. பக்கத்துத் தெருவுக்கு எடுக்கக் கோட் தேவையில்லை. வெளியில் இருப்பவனுக்குத்தான் தேவை. தூரத்தில் இருந்துகொண்டு, ஒரே ஒரு நம்பரைப் பாடமாக்கி வைத்திருப்பவனுக்குத்தான்.

அக்காவுக்கு இது ஒரு நொடியில் விளங்கியது. நானோ ஸ்டிக்கர் அடிக்கிற சந்தோசத்தில் நாலு நாள் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

"பழைய கோட்டுக்கு எடுத்தால் மாறிப்போச்சு எண்டு ரெக்கோடிங் சொல்லுமாம்" என்று ஆறுதல் சொன்னேன்.

"முதல் சிங்களத்தில சொல்லும். பிறகு இங்கிலிசில. தமிழ் வாறதுக்குள்ள அவன் பயந்து வச்சிடுவான். ஒருக்கா வச்சால் பிறகு எடுக்கமாட்டான். அம்மா வேற குரலில கதைக்கிறா, அம்மாவைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு நினைப்பான்."

அந்த வெள்ளிக்கிழமைச் சத்தம் நின்றால் அக்காவும் நின்றுவிடுவார் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாலும் வெள்ளிக்கிழமை எழும்பி இருக்கிற மனுஷி அவர். மருந்தை விட அந்த அழைப்புத்தான் அவரை நடமாட வைத்தது. அதை நம்பாதவளாக இருந்தும், அது நின்றுவிடக்கூடாது என்று நான் நேர்ந்துகொண்டேன்.

இரண்டு பேரும் புறப்பட்டோம். கைப்பையில் ஸ்டிக்கர் கட்டு. நம்பர் கொடுத்த இடமெல்லாம் திரும்பப் போனோம். ஓரிடத்தில் ஒரு நல்ல பிள்ளை எங்கள் கோப்பைத் தேடி எடுத்து, அக்காவே ஒட்டட்டும் என்று மேசையில் விரித்துக் கொடுத்தது. இன்னோரிடத்தில் கோப்புகள் கொழும்புக்குப் போய்விட்டன என்றார்கள். வேறோர் இடத்தில் கந்தோரே இல்லை. அந்த வீட்டில் இப்போது பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறார்கள். சலங்கைச் சத்தத்துக்கு நடுவே அக்கா வாசலில் நின்று, எதில் ஒட்டுவது என்று சுவரைப் பார்த்தார். பிறகு கதவு நிலையின் உட்பக்கத்தில் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தார்.

தெருவோரக் கொட்டிலுக்கும் போனோம். தாய்மார் இருந்து படங்களை மடியில் எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கு முன்னாலும் பழைய கோட். நான் தோலுரித்துக் கொடுக்க அக்கா ஒட்டினார். வெயிலில் வெளிறிப்போன முகங்கள். எல்லாவற்றுக்கும் கீழே புத்தம் புதிய வெள்ளைத் துண்டு.

சில படங்களைத் தூக்குவதற்கு ஆள் இல்லை. தாய்மார் செத்துப்போயிருந்தார்கள். கொட்டிலின் கம்பியில் அவை தொங்கின. "இதுகளுக்கும் ஒட்டுறதோ?" என்று கேட்டேன். அந்த வீடுகளில் போன் அடித்தால் எடுக்க ஒருவரும் இல்லை.

"ஒட்டு" என்றார்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில்.

ஒட்டினோம். காற்று வந்து எல்லாப் படங்களையும் ஒருமுறை திருப்பியது.

கடைசி வெள்ளி

கோட் மாறுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா ஒரு முடிவு எடுத்திருந்தார். இத்தனை வருடத்து மௌனத்தை உடைத்து, அன்று கதைப்பது என்று.

"பேர் சொல்லமாட்டன். அம்மா எண்டும் சொல்லமாட்டன். நம்பரை மட்டும் சொல்லுவன். எனக்குத் தொண்டை அடைச்சால் நீ சொல்லு. நீ பக்கத்தில நில்லு."

விடியக்காலையிலிருந்து அந்த இலக்கங்களைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவும்போது, கோழிக்குத் தீன் போடும்போது. ஒருமுறை பிழையாகச் சொல்லிவிட்டுத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பயம் இராது என்று பகிடி பண்ணினேன். அக்கா சிரிக்கவில்லை.

வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது. அக்கா தூக்கினார். நான் என் தலையை அவர் தலையோடு ஒட்டிவைத்தேன். அந்தப் பழைய ரிசீவரில் சத்தம் பலமாக வரும், இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும்.

மூச்சு. அதே மூச்சு.

அக்கா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. என் கையை இறுக்கிப் பிடித்தார், நீ சொல்லு என்று. நான் சொல்லத் தொடங்குவதற்குள் மற்றப் பக்கம் கதைத்தது.

"ராசா."

பெண் குரல். வயதான குரல்.

"ராசா, நீ பேசாத. யாராச்சும் பக்கத்துல இருப்பாங்க. நான் சொல்றத மட்டும் கேளு."

மலையகப் பேச்சு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறினவர்களின் பேச்சு.

"நம்பரு மாறப் போகுதாம்ல. பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லிச்சு. எப்புடி மாறுதுன்னு அதுக்குத் தெரியல. ஒன் கராச்சு நம்பரு ஒண்ணுதான்ப்பா எனக்கு மனப்பாடம். நீ போட்டுல போனதுக்குப் பொறவு எத்தன மாசம் அடிச்சேன், அப்புடி நம்பரே இல்லன்னு சொல்லிச்சு. அப்புறம் ஒரு வெள்ளிக்கெழம நீ தூக்குன. பேசல. எனக்கு வெளங்கிருச்சு. திரும்பி வந்தவங்கள எல்லாம் புடிச்சு உள்ள போடுறாங்கன்னு சொன்னாங்க, அதான் நீ ஒளிஞ்சிருக்கன்னு. அதனாலதான் நான் கிளிநொச்சிப் பக்கமே வரல. தேடவும் இல்ல."

எங்கள் நம்பர் முன்பு வேறு யாரோ ஒருவருடையதாக இருந்திருக்கிறது. வாகனம் திருத்துகிற கராச் வைத்திருந்த ஒரு பெடியனுடையது. அவன் வெளிநாட்டுக்குப் படகு ஏறிய பிறகு லைன் வெட்டுப்பட்டு, சும்மா கிடந்த நம்பரை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். இவ்வளவும் எனக்கு அந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிக்கொண்டே வந்தது. அக்காவுக்கும் விளங்கியது. பக்கவாட்டில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அப்பா போய்ச் சேந்துட்டாரு ராசா. போன தைக்கு. இங்க செட்டிகுளம் ஆஸ்பத்திரியிலதான் வச்சிருந்தோம். ஒனக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. நீ தேங்கா திருவுற சத்தம் கேக்கும். நீ சமைச்சுச் சாப்புடுறன்னு அவருகிட்டச் சொன்னேன். சந்தோசப்பட்டாரு."

அக்காவின் நெஞ்சிலிருந்து ஏதோ சத்தம் வரப் பார்த்தது. அக்கா என் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்தினார்.

"ஒரு நாளு வேற யாரோ தூக்குனாங்க. பயந்துட்டேன். ராசா, இப்ப ஒண்ணு செய்யி. மொதல்ல சைபர், அது எனக்குத் தெரியும். மத்த ரெண்டு நம்பரையும் தட்டிக் காட்டு. போன்ல வெரலால தட்டு, நான் எண்ணிக்கிறேன். தட்டாட்டி இனிமே நான் எப்புடிப்பா எடுப்பேன்?"

காத்திருந்தார். செட்டிகுளத்தில் ஒரு கதவு காற்றுக்கு அடித்தது. இத்தனை வருடமாக நாங்கள் கேட்டது செட்டிகுளத்து மழை, செட்டிகுளத்து மயில். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற இடம்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "அம்மா, இஞ்ச உங்கட மகன் இல்லை" என்று ஒரு வசனம். நான் வாயைத் திறந்தேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. கோபமில்லை, கெஞ்சலுமில்லை. பொறு என்று மட்டும் சொன்னது.

பிறகு அக்கா தன் சுட்டுவிரல் நகத்தால் ரிசீவரில் தட்டினார். முதல் இலக்கம் சின்னது, உடனே முடிந்தது. அடுத்தது பெரிய இலக்கம். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தப் பக்கத்தில் அந்த அம்மா மெதுவாக எண்ணுவது கேட்டது. அக்காவின் உதடும் எண்ணியது. பிழை வந்துவிடக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள்.

"சரி ராசா" என்றது குரல். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. "இனி நான் பேசமாட்டேன். வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து எப்பவும்போல எடுக்கிறேன்."

வைத்துவிட்டார்.

இரண்டாவது லைன்

அக்கா கதிரையில் இருந்தார். நான் அவர் காலடியில் நிலத்தில் இருந்தேன். வாய்க்காரி என்று ஊரில் பெயரெடுத்தவள் நான், அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அக்கா விழுந்துவிடுவார் என்று பயந்து அவரது முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணம் போகிற ரயில் போனது. அதற்குப் பிறகுதான் அக்கா கதைத்தார்.

"அப்ப, என்ர பிள்ளை இன்னும் எடுக்கேல்லை."

அழுவார் என்று நினைத்தேன். குரல் நிதானமாக இருந்தது.

"இவ்வளவு நாளும் எடுக்கிறான் எண்டு நினைச்சு நான் மற்ற நாளில போனைக் கவனிக்கேல்லை. சந்தைக்குப் போனன், கோயிலுக்குப் போனன். அவன் இனித்தான் எடுக்கப்போறான்."

"அக்கா" என்றேன்.

"அந்த மனிசியின்ர போனையும் நான் எடுக்கத்தான் வேணும். பாவம், புருசனும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். பிறகுதான் அந்தப் பயம் அவர் முகத்தில் வந்தது. இத்தனை வருடமாக நான் கண்ட பயத்தையெல்லாம் விடப் பெரிய பயம் அது. "வெள்ளிக்கிழமை நான் அவாவோட லைனில நிக்கேக்க என்ர பிள்ளை எடுத்தால், அவனுக்கு எங்கேஜ் எல்லே அடிக்கும்?"

திங்கட்கிழமை நான் போய் இரண்டாவது லைனுக்கு எழுதிக் கொடுத்தேன். புது நம்பரை ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். இது இதற்கு முன் யாரும் பாவித்த நம்பரா என்று அங்கிருந்த தம்பியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இருக்கலாம் அக்கா. கனகாலம் சும்மா கிடந்தால் திருப்பிக் குடுக்கிறதுதான்."

சுதனின் படத்துக்குக் கீழே அந்த நம்பரை அடித்து, திரும்பவும் கச்சேரிக்கும் கந்தோர்களுக்கும் கொட்டிலுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கோட் மாறி மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது மேசையில் இரண்டு போன் இருக்கின்றன. இரண்டாவது இன்னும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அக்கா முதலாவதைக் காதில் வைத்து, அந்த அம்மாவுக்காக மூச்சு விட்டுக்கொண்டு, இரண்டாவதைப் பார்த்தபடி நிற்கிறார்.